மூன்று துடுப்பு

அன்று காலை நாகூர்க் கரையில், ஃபைபர் படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் இருந்தவர்கள் நாலு பேர். கொட்டகையின் முதலாளி பாய், அவரிடம் படகுக்கு உப்புத்தாள் போடும் வேலை பார்க்கும் நான், என் மனைவி, பிளஸ் டூ படிக்கும் என் மகள். சுவரோரம் ஒரு துடுப்பு சாய்ந்திருந்தது. பூவரச மரம், ஐந்தடி நீளம், புதுசு. நான்தான் ஆசாரியிடம் சொல்லிச் செய்து தோளில் தூக்கிவந்திருந்தேன். நாலு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னப்பா இது?" என்றாள் மகள்.

"நீதானம்மா துடுப்பு வேணும்னு சொன்னே."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கரையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது தன் அலைச்சறுக்குப் பலகையைப் பாயிடம் விட்டுவிட்டுப் போனார். சும்மாதானே கிடக்கிறது என்று பாய் அதை என் மகளுக்குக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அவள் அதன்மேல் நின்று அலையில் வரப் பழகிவிட்டாள். நான் கரையில் நின்று கையைப் பிசைவேன். எனக்கு நீச்சல் தெரியாது. வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இடுப்புக்கு மேல் ஏறினால் எல்லாம் வெள்ளம்தான்.

அந்தப் பலகையின் வால்பக்கம், அடியில் மூன்று சிறிய தகடுகள் உண்டு. மீனுக்கு இருக்குமே, அந்த மாதிரி. போன வாரம் மணல் திட்டில் மோதி மூன்றும் முறிந்துபோயின. அவை இல்லாவிட்டால் பலகை ஒரு திசையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். மறுநாள் காலை எங்கள் கரையிலேயே அலைச்சறுக்குப் பயிற்சி மையத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும் தேர்வு. எடுத்துக்கொண்டால் சாப்பாடு, தங்கல், பயிற்சி எல்லாம் இலவசம். அதைக் காட்டிக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கலாம். வேறு வழியில் அவளைப் படிக்கவைக்க என்னிடம் எதுவும் இல்லை.

"பாய்கிட்ட சொல்லி மூணு துடுப்பு ஏற்பாடு பண்ணுப்பா" என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். மீனுக்கு இருப்பதை நான் செட்டை என்பேன். பாடப் புத்தகத்தில் அதற்குத் துடுப்பு என்று பெயராம். எட்டாவதோடு நின்றவனுக்கு எப்படித் தெரியும்? துடுப்பு என்றால் ஓடம் தள்ளுவது. பலகையையே ஓசியில் கொடுத்தவரிடம் துடுப்பையும் கேட்கக் கூச்சம். இருப்பது இரண்டு கை, எதற்கு மூன்று என்று நானே யோசித்து, நானே ஒன்று போதும் என்று முடிவுசெய்து, ஆசாரியிடம் போனேன். அவளிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். வார்த்தை புரியாத இடத்தில் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அப்புறம் கவலைப்படுவேன்.

இதற்கு முன்னாலும் ஒரு வார்த்தை எங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் அப்பா ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தார். குத்தகைக்காரர் பெயரை எல்லாம் பதிவு செய்ய அதிகாரிகள் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல். பதினாலு வயசில் நான் போய் நின்றேன். "நீங்க யாருப்பா?" என்று கேட்டார்கள். மரியாதையாகச் சொல்வதாக நினைத்து, "நாங்க பண்ணையோட ஆளுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற பண்ணைக் கணக்கர் சிரித்தார். கூலி ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். அதோடு நிலத்தில் எங்களுக்கு உரிமை இல்லை என்று ஆனது. ஆட்சி மாறும்போதெல்லாம் புது மனு எழுதினோம். தாசில்தார் மாறினார், வாய்தா மாறியது, எழுதிய வார்த்தை மட்டும் மாறவில்லை.

"சரி, அழுவாதம்மா" என்று பாய் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன இன்னொரு செட் தகடு அதில் இருந்தது. மூன்றும் பெரியவை, என் கை அகலம். "இது அவரு உடம்புக்குங்க. ஆளு தொண்ணூறு கிலோ. பாப்பா நாப்பது தேறுமா? முன்னாடியே சொல்லியிருந்தா புதுசா வார்த்துக் கொடுத்திருப்பேன். இப்ப ஊத்துனா நாளைக்குள்ள இறுகாது. ஒண்ணு செய்யலாம், இதையே சின்னதா வெட்டிரலாம்."

"வெட்டுப்பா" என்றாள் மகள். "பெருசா இருந்தா பலகை திரும்பவே திரும்பாது."

கிரைண்டரைக் கையில் எடுத்தேன். என் வேலைதான் அது. எத்தனையோ படகை அறுத்திருக்கிறேன். ஆனால் அன்று விரல் சுவிட்சில் பதியவில்லை. வெட்டினால் ஒட்டாது. கோணலாகப் போய்விட்டால் நாளைக்கு எதுவுமே இல்லை. அதோடு இன்னொன்றும் மனசில் ஓடியது: கொழு ஆழமாக இறங்கினால்தான் ஏர் துள்ளாது. பெரிசாக இருந்தால் பிள்ளை விழமாட்டாள்.

"பெருசே இருக்கட்டும்மா. பிடிப்பா இருக்கும்."

"ஏங்க, அவதானே ஏறி நிக்கப்போறா?" என்றாள் மனைவி. "நீங்களா நிக்கப்போறீங்க?"

மகள் என்னையே பார்த்தாள். நான் கிரைண்டரைக் கீழே வைத்தேன். "சரிப்பா, உன் இஷ்டம்" என்று சொல்லி அவளே திருகாணி முடுக்கினாள்.

மறுநாள் முதல் அலையிலேயே எழுந்து நின்றாள். பலகை உழவுசால் மாதிரி நேராகக் கரைக்கு வந்தது. என் மனைவி கை தட்டினாள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், "நேரா வந்தா மார்க் இல்லம்மா. திருப்பணும்" என்றார். அடுத்த அலையில் உடம்பு முழுவதையும் சாய்த்துத் திருப்பிப் பார்த்தாள். அதற்கடுத்த அலையிலும். நாற்பது கிலோவுக்குப் பலகை அசைந்துகொடுக்கவில்லை. நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பெயர் அதில் இல்லை.

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். "வெட்டியிருக்கலாம்" என்றேன்.

"விடுப்பா. விழலையே."

அந்த வாரமே மூன்றையும் வெட்டினேன். துளிகூடக் கோணல் இல்லை. அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்றாள்.

ஆசாரி இப்போதும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் நிறுத்துகிறார். "துடுப்பு எப்படிங்க, தள்ளுதா?"

"நல்லாத் தள்ளுதுங்க" என்கிறேன். பேசிய கூலி ஆயிரத்து நானூறு. முன்பணமாகக் கொடுத்தது ஐந்நூறு. பாக்கி தொள்ளாயிரம் ரூபாய்.