“சமாதானத?”

போன புதன்கிழமை டவுன் பொலிஸில் இருந்தவர்கள்: சார்ஜன்ட். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர். செல்லம்மா. அவள் புருஷன் ராமையா. லயத்தில் அடுத்த அறை, அடுத்த காம்பராக்காரி என்று துணைக்குப் போன நான்.

செல்லம்மாவின் புருவத்தில் தையல். நான்கு. லயத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்டவள் நான்.

அவள் கேட்டது ஒன்றுதான். ராமையா மேல் வழக்குப் போட வேண்டும். இனிக் கை வைத்தால் மறியல், ஜெயில்தான் என்று கோர்ட்டில் ஒருவர் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

சார்ஜன்டுக்குத் தமிழ் வராது. அவளுக்குச் சிங்களம் வராது. நடுவில் தலைவர்... ராமையாவுக்கு மாமன் முறை.

“எந்த வீட்டுலம்மா அடி இல்ல? எங்க வீட்டுல இல்லையா?” என்று சிரித்தார். அதைச் சிங்களத்திலும் சொன்னார். சார்ஜன்டும் சிரித்தார்.

பிறகு சார்ஜன்ட் அவளையே பார்த்துக் கேட்டார்.

“சமாதானத?”

இரண்டு பாஷையிலும் இருக்கிற வார்த்தை. சமாதானம் ஆகிவிட்டீர்களா என்று அவர் கேட்டார். சமாதானம் வேண்டுமா என்று அவள் நினைத்தாள். முகம் தெளிந்துவிட்டது பாவிக்கு.

“ஆமாங்க மாத்தயா, சமாதானந்தாங்க!”

“ஹரி, சமாதானய்” — சரி, சமாதானமாம் — என்று சார்ஜன்ட் பேனாவை மூடினார்.

நான் எழுந்தேன். “மாத்தயா, ஆகலைங்க. வேணும்ங்கிறா.”

சார்ஜன்ட் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். “அதேதான் மாத்தயா. சமாதானய்.”

முடிந்தது. புருஷன் பெண்சாதி சமாதானம் என்றால் பொலிஸுக்கு வேலை இல்லையாம்.

ரோட்டில் யாரோ ஒருவன் அவளை அடித்திருந்தால்? வழக்கு. காம்பராவுக்குள் புருஷன் அடித்தால் — குடும்பம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, துரை மாறினார். இது மட்டும் மாறவில்லை. சட்டம் இருக்கிறதுதான். டவுனில் இருக்கிறது. லயத்துப் படி ஏறி வந்ததில்லை.

பஸ் வரும்வரை ராமையா அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன பொலிஸ்காரம்மா, போவமா வீட்டுக்கு?”

“என் காம்பராவுல படுத்துக்கடி” என்றேன்.

“வேணாக்கா. அதான் சமாதானம்னு மாத்தயாவே சொல்லிட்டாருல்ல” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவள் வரவில்லை. கொழுந்து எடுக்க மலைக்கு ஏறாமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இந்த முறை தையல் ஒன்பது.