ஐந்து தலைக் கோஸ்

கோஸ் இலையை நகத்தால் கீறினால் பச்சைக் கடுகை நசுக்கியது போல ஒரு காரவாடை வரும். காய்கறிக் கடையில் யாராவது மேல் இலையைப் பிய்த்துப் போடும்போது அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், எட்டாம் வகுப்பும், நாகலாபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து மண்ணும், வேதவல்லியின் மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சலும் அப்படியே திரும்பி வந்துவிடும். பொறாமையை மற்றவர்கள் உடம்பில் எங்கே உணர்கிறார்களோ தெரியாது. எனக்கு அது வலது கைக் கட்டைவிரல் நகத்தில் இருக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போன எங்கள் டிரில் மாஸ்டர், மதனப்பள்ளிப் பக்கத்துக்காரர், திரும்பி வரும்போது ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒரு கட்டுக் கோஸ் நாற்று கொண்டுவந்தார். மதில் சுவரை ஒட்டிச் சும்மா கிடந்த நிலத்தைக் கயிறு கட்டிப் பாத்திகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு இரண்டு நாற்று என்று கொடுத்தார். "எவரி மடி வாள்ளதே" என்றார். அவரவர் பாத்தி அவரவருக்கு, அடுத்தவர் கயிற்றைத் தாண்டக் கூடாது. யாருடைய கோஸ் நன்றாக வருகிறதோ அவர் குடியரசு தினத்தன்று மேடையேறி, கொடியேற்ற வருபவருக்கு மாலைக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம்.

அந்த மேடை எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைனாவுக்குப் பிச்சாட்டூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வேர்க்கடலை. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. பக்கத்துப் பாத்திக்காரி வேதவல்லியோ கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவரின் மகள். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடம் கேட்டவள். பூவாளி இல்லாமல் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அபிஷேகம் செய்கிற மாதிரி மெள்ள ஊற்றுவாள். வகுப்பே சிரித்தது, நான்தான் அதிகம் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் கடலை காய் பிடித்ததா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. "மேல பச்சையா கீதுன்னு நம்பிக்கினு கெடக்காத. புடுங்கிப் பாரு, அப்பத்தான் தெரியும்" என்பார் நைனா. கோஸையும் நான் அப்படியே நடத்தினேன். வேர் ஓடிவிட்டதா என்று பார்க்க ஒரு நாற்றை மூன்றாவது வாரமே பிடுங்கினேன். திரும்ப நட்டது பிழைக்கவில்லை. மிஞ்சியதில் தலை கட்டுகிறதா என்று தினமும் இடைவேளையில் நடு இலைகளை விரித்து விரித்துப் பார்த்தேன். அது சேப்பங்கிழங்குச் செடி போல நாலு பக்கமும் விரிந்து, நடுவில் பழுப்பேறி நின்றது.

வேதாவின் ஒரு செடி ஐப்பசி மழையில் அழுகிப் போயிற்று. ஆனால் மற்றது உள்ளங்கையைக் குவித்தது போல இலைகளை உள்ளே மடக்க ஆரம்பித்தது. "நீ தொறந்தே பாக்கலையாடி?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "பெருமாளுக்குக் காட்டற வரைக்கும் தளிகையை மோந்துகூடப் பாக்கப்படாது. எங்காத்துல யாரும் மூடியைத் தொறக்க மாட்டா" என்றாள். அவள் பெருமையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விவசாயம் எங்களுடையது. அவர்களுக்குக் கோயில் இருக்கிறது, புளியோதரை இருக்கிறது, ஸ்லோகப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன. இந்த ஒன்றையாவது எனக்கு விடக் கூடாதா என்றிருந்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவள் குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தபோது நான் கயிற்றைத் தாண்டினேன். பார்க்கத்தான் போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கிள்ளத்தான் போனேன். குவிந்த இலைகளுக்கு நடுவே மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு குருத்து, வெளுத்த பச்சையில் இருந்தது. நகம் பட்டதும் மளுக்கென்று வந்துவிட்டது. கையை எத்தனை தரம் கழுவியும் அந்தக் கடுகு வாடை போகாமல், அன்று தயிர்சாதத்தையும் அந்தக் கையாலேயே தின்றேன்.

திங்கட்கிழமை வேதா அதைப் பார்த்து அழுதாள். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, புழுதான், பிடுங்கிப் போடு என்றார். "ஆமாண்டி, புழுதான் துன்னுட்டு கீது" என்று நானும் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னேன். அவள் பிடுங்கவில்லை. தலை போன செடிக்குத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகக்கூட இருந்தது.

மார்கழி பிறந்தபோது அந்தச் செடியின் இலைக்கணுக்களில் முளைகள் தெரிந்தன. இரண்டு, மூன்று, பிறகு ஐந்து. ஒவ்வொன்றும் தனித்தனியாக இலை மடக்கி, தனித்தனித் தலையாகக் கட்டிக்கொண்டது. "அயிது தலகாயலு" என்று மாஸ்டர் தலைமையாசிரியரைக் கூட்டிவந்து காட்டினார். மதனப்பள்ளியிலேயே இப்படிப் பார்த்ததில்லை என்றார். மற்ற வகுப்புக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். திருமலையில் ஆதிசேஷனுக்கு ஏழு தலை, நாகலாபுரத்துக் கோஸுக்கு ஐந்து என்று பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி குங்குமம்கூட வைத்துவிட்டாள். ஒரு தலையோடு விட்டிருந்தால் நல்ல கோஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதை அதிசயமாக்கியது என் நகம். அந்த ஆத்திரத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

குடியரசு தினத்தன்று செடியை வேரோடு எடுத்து வாளியில் வைத்து அவள் மேடைக்குத் தூக்கிப் போனாள். எப்படி வந்தது என்று மைக்கில் கேட்டார்கள். "நேக்குத் தெரியாது, பெருமாள் செயல்" என்றாள். நான் கீழே வெயிலில் நின்று மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் வாளியோடு என்னைத் தேடி வந்தாள். "எங்காத்துல கோஸ் உள்ளயே வரப்படாது. அஞ்சையும் நீயே எடுத்துக்கோ. நான் அழுதப்போ நீதானே கூட இருந்தே" என்றாள். வாங்கிக்கொண்டேன். அம்மா கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். "யாரு வெளைச்சது?" என்று நைனா கேட்டார். "நான்தான்" என்றேன். மறுநாள் தெரு முழுக்கச் சொல்லிக்கினு திரிந்தார். கூட்டு நன்றாகவே இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது அந்த நிலத்தில் புதிய வகுப்பறைக் கட்டிடம் நிற்கிறது. மாஸ்டர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். நைனா இல்லை, மூன்று ஏக்கரிலும் மாமரம். நான் புத்தூரில் மாடி வீட்டுக்காரி. வேதா திருப்பதியில் இருக்கிறாள். வீட்டு வழக்கமெல்லாம் தளர்ந்துவிட்டது, மொட்டைமாடியில் பைகளில் கோஸ் போட்டு அவளே பொரியலும் செய்கிறாள். ஒவ்வொரு தை மாதமும் வாட்ஸப்பில் படம் வரும், குழந்தைத் தலை அளவுக்கு ஒன்று. அதைப் பார்த்துத்தான் நானும் நாலு பை வாங்கினேன்.

போன வருடம் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அந்த அஞ்சு தலை எப்படிடி வந்துது? வருஷா வருஷம் போடறேன், ஒண்ணே ஒண்ணுதான் கட்டறது. யூடியூப்ல எல்லாரும் பெரிசா வளக்கத்தான் சொல்லித் தரா. நோக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" மூன்று முறை கேட்டேன். சொல்லிவிடலாம் என்று விரல் போனது. ஆனால் கோஸ் விஷயத்தில் அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "பெருமாள் செயல்தான்" என்று எழுதிப் போட்டேன்.

இந்தக் கார்த்திகையில் என் பையில் இருந்த ஒரு செடியின் குருத்தை நானே கிள்ளினேன். இன்று காலை எண்ணினேன். ஆறு. அவளைவிட ஒன்று கூடுதல். போனை எடுத்து நல்ல வெளிச்சத்தில் படமும் எடுத்துவிட்டேன். அனுப்பினால் எப்படி என்று கேட்பாள்.