‘இல்லை’ என்று எழுதிய கூடு

படிவத்தின் எந்தக் கூட்டையும் வெறுமையாக விடக்கூடாது. அறிந்தே பொய்த் தகவல் எழுதவும் கூடாது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடங்கள் இந்த இரண்டு விதிகளையும் மற்றவர்களுக்குப் படிப்பித்தவன் நான். என் அக்காவின் மனநலக் கிளினிக் படிவத்தில் முதலாவதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ‘குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா?’ என்ற கூட்டில், என் அழகான கையெழுத்தில், ‘இல்லை’.

அக்கா அப்போது நாவற்குடா வீட்டில் மாதக்கணக்காய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். நீரிழிவு எனும் சீனி வருத்தம், காது மந்தம். நாலு படி ஏறினால் கால் சோர்ந்தது. பழுகாமத்தில் எங்கள் அம்மாவும் இதே வரிசையில்தான் அடங்கிப்போனார்: முதலில் காது, பிறகு சீனி, பிறகு சுவர். உறவினர் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். செலவில்லாத வைத்தியம்.

“தம்பி, அம்மாவை எழுதல்லியா?” கிளினிக்கில் காத்திருப்போர் உட்காரும் நீள வாங்கில் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து அக்கா கேட்டாள்.

“சும்மா இரு அக்கா. உன்ட புள்ளைக்குக் கலியாணம் பேசுற நேரம்.” காது மந்தமானவளிடம் இரகசியம் பேச முடியாது, வாங்கு முழுவதற்கும் கேட்டது.

“நீ எழுதாட்டி அவ இல்லாமப் போவாவா?” என்று சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் குடி என்னும் குலமுறை தாய்வழியே வரும். திருவிழாவில் எங்கள் குடிக்குரிய முதல் மரியாதை சச்சரவானபோது, ஏழு தலைமுறைத் தாய்மாரின் பெயர்களை வரிசையாய் எழுதிச் சத்தியக் கடதாசி முடித்தவனும் நான்தான்.

அக்கா போய்ப் பல வருடங்களின் பின் அவளுடைய மகளுக்கு, என் மருமகளுக்கு, காது மங்கியது, சீனி வந்தது, அவளும் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அதே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். உடற் கலங்களுக்குச் சக்தி கொடுக்கும் மைற்றோகொன்றியா என்ற இழைமணிக்குத் தனியான பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், உண்டு; அவை தாயிடமிருந்து மட்டுமே வரும். அவற்றில் விகாரம் என்ற மாற்றம் இருந்தால் காது, தசை, சீனி பாதிக்கப்படலாம். மனச்சோர்வும் அதோடு சேர்ந்து வரக்கூடும். நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரத்தம் அனுப்பிப் பார்ப்போம் என்றார். பிறகு அக்காவின் பழைய படிவங்கள் இருந்த கோவையைத் திறந்தார்.

“இதில இல்லை எண்டு போட்டிருக்கே?”

மருமகள் கோவையை என் பக்கம் திருப்பினாள். கையெழுத்து அவளுக்குத் தெரியும். “கோயில்ல முன்னுக்கு நிக்க மட்டும்தான் தாய்மார் வேணுமா மாமா?”

அந்த விகாரம் என்னிடமும் இருக்கலாம். ஆணிடம் வந்தால் அதோடு நின்றுவிடும்; என் பிள்ளைகள் அவர்களுடைய அம்மாவின் குடி. மருமகளுக்கோ எட்டு வயதில் ஒரு மகள்.

இறந்தவரின் படிவத்தைத் திருத்த நடைமுறை இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இரத்த முடிவைக் கேட்டு நான்கு நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன். கடைசியில் வந்த பதில் ஒரு வரி: விகாரம் காணப்பட்டது. வைத்தியர் சின்னவளையும் கூட்டிவரச் சொன்னார். அன்றே அவளுக்கு ஒரு படிவம் எடுத்தேன். அதே கேள்வி, அதே கூடு. தாய், அம்மம்மா, பூட்டி எல்லோரையும் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். கீழே, பதில் வந்த அந்த நாளின் திகதி: செப்டெம்பர் பதினெட்டு.