ஏறுவோருக்கு மட்டும் தெரிந்த அம்புகள்

எங்கள் எதிர்வீட்டுப் பெயிண்டர் கடைப்பலகை, லாரி முகப்பு, மருத்துவமனைச் சுவர் என எதில் எழுதினாலும் கோடு கோணாது. மலைமேல் செல்லும் பழைய வணிகப் பாதையைச் சுற்றுலா அலுவலகத்தார் நடைபயணிகளுக்குத் திறக்க முடிவு செய்தபோது, வழிக்குறி எழுதும் பணி அவருக்கே கிடைத்தது.

ஒரு காலத்தில் உப்பு மூட்டை சுமந்தவர்கள் அவ்வழியே ஏறி, தானியத்துடன் இறங்கினார்கள். இடங்களுக்குப் பெயர் வைத்தவர்களும் அவர்களே. ஏறுகையில் 'மூச்சுவாங்கி' எனப்பட்ட செங்குத்து மேடு, இறங்குகையில் 'முட்டிநடுங்கி' ஆகிவிடும். ஓரிடத்துக்கு இரு பெயர் இருந்தால் வருகிறவர்கள் குழம்புவார்கள் என்று கருதி, ஏறுவோர் வைத்த பெயர்களை மட்டுமே அலுவலகம் ஏற்றது. பெயிண்டருக்கும் பாதி வேலை மிச்சம்.

அவர் அடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டே, எதிர்ப்பட்ட பாறைகளில் மஞ்சள் அம்பு போட்டார்; பெயருள்ள இடங்களில் பலகை எழுதி நட்டார். வேலை முடிந்ததும் உச்சியிலிருந்து ஒரு லாரி அவரைத் தார்ச்சாலை வழியே வீட்டில் சேர்த்தது. நடந்து இறங்கியதே இல்லை.

திறப்பு நாளன்று அவருடைய மனைவியும் மனைவியின் அக்காவும் முதல் கூட்டத்தோடு ஏறினார்கள். பிற்பகலில் கூட்டம் பேருந்தில் அடிவாரத்துக்குத் திரும்பியது. அவ்விருவரையும் காணோம்.

"பஸ்ல இடமில்ல. வந்த வழியே நடந்துடறோம்னு கெளம்பிட்டாங்க," என்றார் நடத்துநர், வேலை முடித்து நேராக அங்கே வந்து காத்திருந்த பெயிண்டரிடம்.

பெயிண்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அம்புகள் யாவும் ஏறுவோரை நோக்கியவை; இறங்குகிறவருக்குப் பாறையின் வெறும் முதுகுதான் தெரியும். நடுவழியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. தவறான கிளையோ பள்ளத்தின் விளிம்பில் போய் முடியும். மேலே மூடுபனி வேறு. வேலைப்பையைத் தோளிலிருந்து கழற்றக்கூடத் தோன்றாமல் ஏறத் தொடங்கினார். வழிநெடுகக் கூப்பிட்டார், பதிலே இல்லை.

பிரிவை நெருங்கியபோது பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துட்டாரு பாருக்கா, பெரிய ஓவியரு! போறதுக்கு அத்தனை அம்பு போட்டீங்களே, வர்றதுக்கு ஒண்ணு போட்டா கை சுளுக்கிக்குமா?"

இருவரும் ஒரு தட்டைப் பாறையில் சாவகாசமாக அமர்ந்திருந்தார்கள்.

"ஏன் மாப்ள, எங்கள மலையிலயே விட்டுடற திட்டமா?" என்றார் அக்கா.

"எந்தப் பக்கம்னு புரியல. தெரியாத வழில கால வெக்கறதவிட, உக்காந்துட்டா நீங்களே தேடிட்டு வருவீங்கன்னு நான்தான் சொன்னேன்," என்றார் மனைவி.

பெயிண்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையிலிருந்து டப்பாவை எடுத்து, பிரிவில் முன்பு அம்பு போட்டிருந்த பாறையின் மறுபக்கத்திலும் ஓர் அம்பு போட்டார்.

"கொஞ்சம் மேல போய் நின்னு பாரு. தெரியுதா?"

"தெரியுது. இன்னும் பெருசா போடுங்க, வயசானவங்களும் வருவாங்கல்ல?"

"யாரடி சொல்ற?" என்று அக்கா எழுந்தார்.

பிறகு ஒவ்வொரு பாறையிலும் நின்று நின்று இறங்கினார்கள். செங்குத்து மேட்டில், பலகையின் பின்புறம் 'முட்டிநடுங்கி' என்றும் எழுதிமுடித்தார்.

"மாப்ள," என்றார் அக்கா, முழங்காலைப் பிடித்துக்கொண்டே, "எங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல கூலிக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"