இரண்டாவது திமில்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒட்டகத்தின் மீது ஏறியதில்லை. தொட்டதுகூட இல்லை. கடற்கரையில் சவாரிக்கு நின்ற ஒன்றின் பக்கத்தில் போட்டோ எடுக்கப் போய், அது திரும்பிப் பார்த்த பார்வையில் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தவன்.

அப்பேர்ப்பட்ட நான், போன வாரம் ஒரு ஒட்டகத்தின் உடல்நிலை குறித்து ஒரு பாதிரியாருக்குக் கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். அந்த ஒட்டகம் மூங்கிலாலும் வைக்கோலாலும் ஆனது. அதன் உடல்நிலை அப்படி ஆனதற்குக் காரணமும்... நான்தான்.

வில்லியனூரை ஒட்டிய எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் குடில் போட்டி உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின சாயந்திரம்தான் தீர்ப்பு. குடிலில் பிறந்த குழந்தையைப் பார்க்க ராஜாக்களும் ஒட்டகமும் வந்து சேர வேண்டாமா? குடில் என்றால் மேஜை மேல் வைக்கிற பொம்மைக் குடில் இல்லை. ஆள் உயரம். எங்கள் தெருக் குடிலில் மாடுகூட நிஜ மாடு. பெயர் ரோசி.

ரோசியின் சொந்தக்காரி எதிர்வீட்டு அருள்மேரி. எங்கள் குடிலுக்கு அவள்தான் தலைவி. கோயில் தெருக் குடிலுக்குத் தலைவி அவளுடைய கூடப்பிறந்த தங்கை ஸ்டெல்லா. மூன்று வருடமாகக் கப் ஸ்டெல்லா வீட்டில்தான்.

"கப்பு போனா போவுதுண்ணே. கிறிஸ்துமஸ் அன்னிக்கு சாப்புட கூப்புட்டு, 'அக்கா, அந்தக் கப்பைக் கொஞ்சம் நவுத்து வையி, பிரியாணி வைக்க எடமில்ல'ன்றா. இந்த வருஷமும் தோத்தேன்னா அவ வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

சொல்லும்போது அருள்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டில்லை. ஒரு கூடப்பிறந்த உறவு ஒட்டகத்தை நம்பி நின்றது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? நாலு புத்தகம் படித்தவனாயிற்றே!

"ராஜாக்கள் எங்கேயிருந்து வந்தாங்கம்மா?"

"கெழக்கேர்ந்து."

"கிழக்கே, குளிர் தேசத்துல இருக்கறது பாக்டிரிய ஒட்டகம். அதுக்கு ரெண்டு திமில். ஊரே ஒத்தைத் திமில் வைக்கும். நாம ரெண்டு வைப்போம்."

அவள் கணவர் அந்தோணி தலையைச் சொறிந்தார். "ரெண்டு திமிலா? அப்ப ராஜா எங்க குந்துவாரு?"

"நடுவுலதான். பின்னாடி சாஞ்சுக்கலாம், முன்னாடி புடிச்சுக்கலாம்."

"பஸ்ஸு சீட்டு மாரி இருக்குமே! கண்டக்டர்தான் பாக்கி."

திமிலில் தண்ணீர் இருப்பதாக இன்னும் நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, இறக்கிவிடுங்கள். அது கொழுப்பு. தீனி கிடைக்காத நாட்களில் அதைக் கரைத்துத்தான் ஒட்டகம் வண்டியை ஓட்டுகிறது. நமக்கு இடுப்பைச் சுற்றி இருப்பதை அது முதுகில் வைத்திருக்கிறது... அதற்காவது உபயோகம் உண்டு.

இப்படியெல்லாம் பேசிப் பேசியே நான் தலைமை ஆலோசகன் ஆகிவிட்டேன். மணல் புகாமலிருக்க இரட்டை வரிசை இமைமயிர்—துடைப்பக் குச்சியில் வைத்தோம். குளிருக்குத் தடித்த ரோமம்—தேங்காய் நார். மணலில் புதையாத அகலப் பாதம்—கிழிந்த மெத்தை. போன வருடம் செய்த ஒட்டகத்தின் ஒற்றைத் திமில் அப்படியே முன் திமிலாயிற்று. பின் திமிலை மட்டும், அப்போதுதான் அறுத்த சம்பா வைக்கோலைச் சாக்கில் அடைத்துப் புதிதாகக் கட்டினோம்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. திமில் இரண்டானால் முதுகு நீளும். முதுகு நீண்டால் ஒட்டகத்தின் பின்பக்கம் நகர்ந்து நகர்ந்து... ரோசியின் வாய்க்கு எட்டும் தூரத்தில் போய் நிற்கும்.

தீர்ப்பு நாள் சாயந்திரம் நடுவரை அழைத்து வர எல்லோரும் கோயில் தெருவுக்குப் போனார்கள். காவலுக்கு நான். என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்கள்? ஒட்டகத்தின் மூக்குத் துவாரம் மூடித் திறக்கும் வீடியோவை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அற்புதமான மூக்கு! பின்னால் 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டது. ஏதோ காற்று என்று இருந்துவிட்டேன்.

திரும்பியபோது பின் திமில் காலிப் பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்மானம் போனதில் ராஜா மல்லாந்து வானத்து நட்சத்திரத்தைப் பார்த்தபடி கிடந்தார். ரோசி நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

அதே நேரம் தெருமுனையில் கூட்டம். வெளியூரிலிருந்து நடுவராக வந்த வயதான ஃபாதர், அருள்மேரி, பின்னாலேயே ஸ்டெல்லா.

"இன்னாக்கா இது! ஒட்டகத்துக்கு முதுகுல பஞ்சரா?"

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் அருள்மேரியின் முகம் செத்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடற்கரை ஒட்டகமே தேவலாம்.

ஓட வழியில்லை. வாயைத் திறந்தேன்.

"ஃபாதர், இது பாக்டிரிய ஒட்டகம். மாதக்கணக்கா பாலைவனத்துல நடந்து வந்திருக்கு. தீனி இல்லாம கொழுப்பு கரைஞ்சா திமில் இப்படித்தான் துவண்டு சாயும். நல்லாத் தின்னா மறுபடி நிமிரும். ராஜாக்கள் பட்ட கஷ்டத்தைக் காட்டத்தான் நாங்க..."

இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர எல்லாமே உண்மை. எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபாதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "முன் திமிலு மட்டும் கும்முனு நிக்குதே? பட்டினி பின்பக்கத்துக்கு மட்டுந்தானா?"

"ஒண்ணு முதல்ல சாயறதும் உண்டு ஃபாதர்" என்று ஆரம்பித்து, மூன்று அறை இரைப்பை, அசை போடுவது, வசந்தத்தில் ரோமம் கற்றை கற்றையாக உதிர்ந்து சொறி பிடித்த மாதிரித் தெரிவது, முட்டை வடிவ ரத்த அணு வரை போய்விட்டேன். கேட்கிற முகம் கிடைத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ரோசியின் கடைவாயில் சாக்குச் சணல் ஒரு முழம் தொங்குவதை நான் கவனிக்கவில்லை. ஃபாதர் கவனித்திருக்கிறார்.

மறுநாள் பூசை முடிந்து முடிவைச் சொன்னார்கள். முதல் பரிசு—எங்கள் தெரு!

அருள்மேரி கப்பைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தாள். "பிரியாணிய எங்கனா கீழ வச்சுக்கடி" என்றாளாம். ஸ்டெல்லா முறைத்துவிட்டு, அக்கா தட்டில் இன்னொரு துண்டு கறி போட்டாளாம். போகட்டும், வாசப்படி பிழைத்தது.

சாயந்திரம் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பார்த்தியாம்மா? விஷயம் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இருந்தா..."

"ஃபாதரும் உங்களப் பத்திச் சொன்னாருண்ணே."

"என்ன சொன்னார்?"

"மார்க்கு பூரா மாட்டுக்குத்தானாம். 'பாவம், அந்தாளு அவ்ளோ நேரம் பேசியும் கயித்த அத்துக்கினு ஓடாம நின்னுச்சே'ன்னாரு."