மேலே இருந்து பார்த்தவர்

பிள்ளையாரை நம்பி இருப்பவர்களே, எங்கள் வீட்டுக்குள் மழை பெய்த கதையைச் சொல்கிறேன்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருப்பது ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில். போன மாசியில் அடித்த காற்றில் கூரை ஓடுகள் கழன்று தெருவில் விழுந்து நொறுங்கின. மேல் அறைச் சீலிங் இடிந்து கட்டிலில் கிடந்தது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம்.

பார்க்க வந்த ஆள் கீழே நின்றபடியே படம் எடுத்தார். பிறகு பதில் வந்தது. கூரை ஏற்கெனவே பழுதாம். காற்று செய்த சேதம் இல்லையாம். முன்பு நன்றாக இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். யாராவது சொந்தக் கூரையைப் படம் எடுத்து வைத்திருப்பார்களா?

தார்ப்பாய் கட்டினோம். அதையும் மீறி ஈரம் இறங்கியது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். என் கணவருக்கு முன்பே இழுப்பு. சித்திரையில் ஒருநாள் மூச்சு விட முடியாமல், உதடு நீலமாகி, அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். திரும்ப அந்த வீட்டில் படுத்தால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். கும்பிடவில்லை, சண்டை பிடித்தேன். "எங்கட கூரை நல்லா இருந்தது உமக்குத் தெரியும். மேல இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீர்? அப்ப வாயைத் திறந்து சொல்லும்!"

மறுநாள் காலை வீடியோக்காரத் தம்பி போன் எடுத்தார். மகள் பெரியபிள்ளையானதற்குத் தையில் செய்த சாமத்தியச் சடங்கின் வீடியோப் படத்தைக் கேட்டுக் கேட்டு நான் ஏசிக் களைத்திருந்தேன்.

"அக்கா, குறை நினையாதேங்கோ, பிந்திப்போச்சு. இப்ப அனுப்பியிருக்கிறன், பாருங்கோ."

பார்க்கிற மனநிலையா அது? கணவருக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலருகே இருந்து போட்டுக் காட்டினேன். மகள் சேலையோடு வாசலுக்கு வருகிறாள். ட்ரோன் கமரா மெல்ல மேலே எழும்புகிறது. அந்தக் கமராவைப் பார்த்து, "பிள்ளைக்குச் சடங்கோ, ஹெலிகொப்டர் கண்காட்சியோ?" என்று அன்றைக்குச் சத்தம் போட்டவள் நான்தான்.

கணவர் முகத்தில் இருந்த மாஸ்க்கை இழுத்துக் கழற்றினார்.

"நிப்பாட்டும்! அங்க பாரும், கூரை!"

ஒரு ஓடுகூட விலகாமல் எங்கள் கூரை தை வெயிலில் கிடந்தது. காற்றுக்கு முந்தின மாதம் எடுத்த படம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்தப் படத்தை இன்சூரன்ஸுக்கு அனுப்பினோம். அதற்குமேல் அவர்களால் மறுக்க முடியவில்லை. வேலை முடியும்வரை எங்களை வேறு வீட்டில் இருக்கவிட்டு, புதுக் கூரை போட்டுத் தந்தார்கள். கணவரின் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டார், படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆனாலும் இருக்கிறார். என் பக்கத்தில் ஈரமில்லாத அறையில் தூங்குகிறார். அது பிள்ளையார் தந்தது.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அழகாக மன்றாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை. சண்டை வந்தாலும் அவரிடமே போய்ப் பிடியுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறோம். எல்லோரும் மகளின் சேலையைப் பார்க்கிறார்கள். நான் கூரை வரும்போது எழும்பி நின்று கும்பிடுகிறேன்.