அப்பா கூட்டிய வீடு

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் எங்கள் வீட்டாரின் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலர்களில் 'பாசமிகு', 'பண்புமிகு' என்று அடைமொழியோடு தொடங்குவது வழக்கம். அப்பாவுக்கு அவை பொருந்தாதவை அல்ல. ஆனால் அவரை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் கையிலிருந்த விளக்குமாறுதான். அதை மறைத்துவிட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதுபோல் ஆகிவிடும். எனவே இளைய மகளாகிய நான் அதை மறைக்கப்போவதில்லை.

போடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் அப்பா. மீசை அரும்பும் முன்பே போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். பறித்த பச்சைக் காயை விறகுத் தீயின் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். அப்பா அதைப் பார்த்துக்கொண்டார். ஏலக்காய்க்கு எமன் ஈரம். ஸ்டோருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தக்கூடாது. தரையைக் காய்ந்த விளக்குமாற்றால்தான் கூட்ட வேண்டும். உலர்ந்த காயைச் சூடு ஆறுமுன் சாக்கில் போட்டுத் தேய்த்தால்தான் காம்பும் வாலும் உதிரும். சீசன் முடிந்ததும் சல்லடை, விளக்குமாறு எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட்டுத்தான் மலையிறங்குவார்கள். அப்பா தம் வாழ்நாளில் கற்ற கல்வி இவ்வளவுதான். பிறகு எங்களை வளர்த்ததும் இதை வைத்துத்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். சரிவில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு முழங்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மலையேற்றம் அத்தோடு சரி. போடிக்கு இறங்கி வந்துவிட்டார். அம்மாவுக்கு ஓர் ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பிரிக்கும் வேலை. அம்மாவின் கண்ணுக்கும் கைக்கும் கடைத்தெருவில் தனி மரியாதை இருந்தது. ஒருவர் வெளியே போக வேண்டும், ஒருவர் வீட்டைப் பார்க்க வேண்டும். அப்பா ஒரே நாளில் முடிவு செய்தார்.

"நீ கடைக்குப் போ. வீட்டுச் சோலிய நான் பாத்துக்கிறேன். ஒரு ஸ்டோரையே பாத்தவனுக்கு ரெண்டு ரூம்பு வீடு என்ன பெரிய கழுத?"

பெரிய கழுதையாகத்தான் இருந்தது. முதல் மாதம் நாங்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு அடங்கவில்லை. எதைக் கண்டாலும் அப்பாவுக்கு ஏலக்காய்தான். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சாம்பலும் நாரும் போட்டுத் தேய்ப்பார். கை சுட்டுக்கொண்டு துள்ளுவார். அரிசியை முறத்தில் பரப்பிவிட்டு, கால்மணிக்கு ஒருதரம் வந்து புரட்டிவிட்டுப் போவார். துணிகளைத் தரம் பிரித்து அடுக்குவார். அக்காவின் தாவணிகள் எல்லாம் முதல் தரம். என் பாவாடைகள் எப்போதும் கழிவு ரகம்.

ஒரு நாள் வெயிலில் காய்ந்த என் பள்ளிச் சீருடையைச் சூடு ஆறுவதற்குள் சாக்கில் போட்டு நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டார். தூசி, நூல் பிசிறு எல்லாம் உதிர்ந்துவிடுமாம். உதிர்ந்தன. பதிலுக்குச் சணல் நார் முழுவதும் ஏறிக்கொண்டது. அன்று பள்ளிக்கூடத்தில் நான் சொறிந்த சொறியில் டீச்சர் என்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். சாயங்காலம் அழுதுகொண்டே வந்த என்னைப் பார்த்து அம்மா அப்பாவைத் திட்ட வாயெடுத்தார். திட்டு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அப்பா மட்டும் சிரிக்காமல், "சாக்கு புதுச் சாக்கு. அதேன்" என்றார்.

ஆறு மாதத்தில் அப்பா தேறினார். ஒரு வருடத்தில் தெருவே வேடிக்கை பார்க்கும் அளவுக்கு எங்கள் வீடு பளிச்சென்று ஆனது. 'மொதல்ல காஞ்ச கூட்டல், அப்பறந்தேன் தண்ணி' என்பது அவர் சட்டம். கூட்டிய குப்பையை முறத்தில் அள்ளி வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். "இது யாரு பல்பம்? இங்கன யாரு கடலமுட்டாய் தின்னது?" என்பார். குப்பையிடம் பொய் சொல்ல முடியாது என்பதால் நாங்களும் அவரிடம் பொய் சொல்வதை விட்டுவிட்டோம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பெரியப்பா வாசலில் நின்றே சத்தம் போடுவார். "மீசையும் விளக்குமாறும் ஒரு மூஞ்சிக்கு ஒட்டுமாடா? நாளைக்கு உன் மகளக் கேட்டு எவன் வருவான்?" அப்பா காலைத் தூக்கச் சொல்லி, பெரியப்பா நின்ற இடத்தையும் கூட்டிவிட்டுப் போவார்.

ஆனால் பெரியப்பா சொன்னது ஓரளவு நடந்துவிட்டது. அக்காவுக்கு வந்த இரண்டு வரன்கள் பேச்சோடு நின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அப்பன் வீடு கூட்டுகிறான், பெண்டாட்டி வெளியே போகிறாள், இது என்ன வீடு? அதற்குப் பிறகு அப்பா கூட்டும்போது அக்கா தெருக்கதவைச் சாத்த ஆரம்பித்தாள். அதைக் கவனித்த நாள் அப்பா சாப்பிடவில்லை.

மூன்றாவதாகத் தேவாரத்திலிருந்து வந்தது ஒரு வரன். தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் படத்தை அக்கா பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். இது தவறினால் அக்கா உடைந்துபோவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண் பார்க்க வருகிற நாளுக்கு முந்தின நாள் அம்மா அப்பாவிடம் கெஞ்சினார். "நாளைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த விளக்குமாத்தத் தொடாதீக."

"தொட மாட்டேன்ப்பா" என்று அப்பா அக்காவின் தலையில் கைவைத்துச் சொன்னார்.

பதினொரு மணி பஸ்சில் வருவதாகப் பேச்சு. அது ஆனி மாதம். கணவாய்க் காற்று போடியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதம். காலை ஏழரை மணிக்கு ஒரே வீச்சில் தெருப் புழுதியும் சருகும் வீட்டுக்குள் வந்து கொட்டின. அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தார். அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு புழுதியைப் பார்த்தார். மூன்றாவது நிமிடம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டத் தொடங்கிவிட்டார். நேரம்தான் இருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

வாசலில் ஒரு ஜீப்பு நின்றது. தேவாரத்திலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் இடம் கிடைத்ததால் மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமாவும் மாப்பிள்ளையும் அதிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். துண்டும் பனியனும் விளக்குமாறுமாக நின்றவரைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "ஏப்பா, பொண்ணு பாக்க வர்றதாச் சொன்ன வீடு இதானே? வீட்டுக்காரரு எங்க?"

கதவுக்குப் பின்னால் நின்று நான் எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு மிகப் பணிவாக, "குளிக்கப் போறாருங்கம்மா. இந்தா வந்திருவாரு. உள்ள வந்து உக்காருங்க" என்றார். பாயை விரித்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. வேலைக்காரர் கிடைத்தால் விசாரிக்காமல் விடுவாரா?

"நீ இங்கன எத்தன வருசமாச் சோலி பாக்குற?"

"அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்துங்க."

"அப்ப ஒனக்குத் தெரியாதது இருக்காது. பொண்ணு எப்பிடி? மறைக்காமச் சொல்லு."

அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தங்கம், வைரம் என்று அளந்துவிட்டிருக்கலாம். அவர் சொன்னது இது: "நல்ல புள்ளங்கம்மா. கோவம் வரும். வந்தா வெரசாப் போயிரும். ரசம் நல்லா வைக்கும், சாம்பாரு சுமார்தேன். வீடு கூட்டத் தெரியாதுங்க."

"பொம்பளப் புள்ளைக்குக் கூட்டத் தெரியாதா? ஏன்?"

"நான் விட்டதில்லீங்க."

அடுப்படியில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கொல்லைப்புறம் போய்க் குளித்து, வேட்டி சட்டை மாற்றி, நெற்றியில் விபூதியோடு முன்வாசல் வழியாக வந்து கைகூப்பி நின்றார். தாய்மாமாவின் கையிலிருந்த செம்பு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். தூசி இல்லை.

"அண்ணே, இதுக்கு முன்ன மூணு வீட்டுல பொண்ணு பாத்தோம். மூணுலயும் பொண்ணுக்குக் கோவமே வராதுன்னுதேன் சொன்னாக. வரும்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதேன். இந்த வீட்டுல எனக்குச் சம்மதம்" என்றார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, "ஆனா ஒண்ணு. கூட்டத் தெரியாத பொண்ணக் குடுக்குறீக. இவனுக்காச்சும் பழக்கி விட்டுருங்க" என்றார். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா அடுப்படியிலிருந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை முதலில் கேட்டார்கள், பிறகுதான் பார்த்தார்கள்.

பதினொரு மணிக்கு வந்த பெரியப்பாவுக்குக் கேசரியின் மிச்சம்தான் கிடைத்தது.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் நல்ல காலம்தான். எனக்கும் மதுரையில் வரன் அமைந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அத்தான் வந்து அப்பாவோடு சேர்ந்து வெள்ளையடிப்பார். அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி, அவர்கள் விட்டுப்போன இடத்தைச் சுட்டிக்காட்டுவாள். கதவு திறந்தே இருக்கும்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். அங்கேயும் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்து, "ஈரத்தோட கூட்டுறாக" என்று குறைபட்டார். பதினோராம் நாள் காலை, அம்மாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

போடிக்குக் கொண்டுவந்து, மறுநாள் ஆண்கள் எடுத்துப் போனார்கள். அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புமுன் பெண்கள் வீட்டைக் கூட்டிக் கழுவி விளக்கேற்ற வேண்டும். தண்ணீர் வந்தது. விளக்குமாற்றைக் காணோம். கொல்லைக் கதவுக்குப் பின்னால் வழக்கமான ஆணியில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தம்முடையதைக் கொண்டுவந்தார். அம்மா தடுத்தார். "அவரு வீட்ட அவரு விளக்குமாத்தால கூட்டுவோம். எங்க வச்சாரு? இத்தன வருசத்துல அதக்கூட நான் கேட்டுக்கிறலையேடி" என்று அழுதார்.

எனக்குத் திடீரென்று ஸ்டோர் நினைவுக்கு வந்தது. ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் கைவிட்டேன். சாக்கில் சுற்றி, சணலால் கட்டி, பத்திரமாக இருந்தது. அத்தனை ஐப்பசி மழையிலும் ஓர் ஈர்க்கில்கூட ஈரம் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறி வைத்திருக்கிறார். அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சீசன் முடிஞ்சிருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குடி."

அக்கா கையை நீட்டி வாங்கினாள். கூட்டத் தெரியாதவள் கூட்டினாள். தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்களை அவள் மாமியார் மறித்துக்கொண்டு, "மொதல்ல காஞ்ச கூட்டல், அப்பறந்தேன் தண்ணி" என்றார். அந்த வீட்டில், அந்த நேரத்தில், நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் காவலிருந்த அத்தானுக்கும், ஜீப்பு கொடுத்து உதவிய மலைத் தோழர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத ஏலக்காய்க் கடைப் பெண்களுக்கும், பத்து நாளும் எங்கள் வாசலைக் கூட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், 'என் தம்பி மாதிரி எவன்டா இருந்தான்' என்று இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரியும் பெரியப்பாவுக்கும் எங்கள் நன்றி. நினைவு நாளுக்கு வருகிறவர்கள் காலைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள். அன்று காலை அம்மா கூட்டியிருப்பார். விளக்குமாறு மறுபடி கொல்லைக் கதவு ஆணியில்தான் தொங்குகிறது. மழை பிடித்தால் மட்டும் அடுப்புக்கு மேலே ஏற்றிவிடுகிறார்.